கை, கால் இயக்கக் குறைபாடு: மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூடிஐடி அட்டையும் வாங்குவது எப்படி

விபத்தில் காலை இழந்தவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர், சின்ன வயதில் போலியோ வந்து காலிப்பர் போட்டு நடப்பவர், தசைச்சிதைவு நோயால் படி ஏற முடியாதவர் என யாராக இருந்தாலும் அரசு கேட்பது ஒரே காகிதத்தைத்தான்: மாற்றுத்திறனாளி சான்றிதழ். அந்தக் காகிதத்திலும் எல்லாரும் பார்ப்பது ஒரே எண்ணைத்தான்: எத்தனை சதவீதம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். 39 என்று எழுதிவிட்டால் யூடிஐடி எனப்படும் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வரும், பலன் வராது.

விண்ணப்பம், ஓடிபி, அட்டை எல்லாம் எப்படியாவது நடந்துவிடும். மருத்துவர் உங்களைப் பார்க்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் அந்த எண் முடிவாகிறது. அதற்குத் தயாராகாமல் போய் நிற்பதுதான் பலரும் செய்கிற தவறு. கீழே உள்ள வரிசை தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கானது. இணையதளம் இந்தியா முழுக்க ஒன்றே என்பதால், 1 முதல் 5 வரையிலான படிகள் மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் பொருந்தும்.

1. இப்போது போகலாமா என்று முதலில் பாருங்கள்

எது நிரந்தரம் என்பதைத்தான் சான்றிதழ் சொல்கிறது. இன்னும் தேறிக்கொண்டிருக்கும் நிலையில் போனால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது காலவரையறை போட்ட தற்காலிகச் சான்று தருவார்கள்.

கை கால் துண்டிக்கப்பட்டவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. புண் ஆறித் தையல் பிரித்ததும் போகலாம். பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்ற நரம்பு சார்ந்த பாதிப்புகளுக்கு, பாதிப்பு வந்த நாளிலிருந்து ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது பொது விதி. நான்காம் மாதத்தில் போய் வரிசையில் நின்றால் அந்த நாள் வீண்.

எலும்பு முறிவில்தான் குழப்பம் அதிகம். உள்ளே ராடு, பிளேட் இருப்பது மட்டும் தடையில்லை. ஆனால் எலும்பு இன்னும் கூடவில்லை, அடுத்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள் என்றால் மருத்துவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். சிகிச்சை பார்த்த எலும்பு மருத்துவரிடம், 'சிகிச்சை முடிந்தது, இனி முன்னேற்றம் எதிர்பார்ப்பதற்கில்லை' என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தசைச்சிதைவு போல நாளாக ஆக மோசமாகும் நோய் இருப்பவர்கள் 'இன்னும் கொஞ்சம் முற்றட்டும்' என்று காத்திருக்க வேண்டாம். இன்றைய நிலைக்கு வாங்கிவிட்டு, நிலை மாறும்போது மறுமதிப்பீடு கேட்கலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காலவரையறையோடுதான் தருவார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, புதுப்பிக்கும் தேதியை மட்டும் குறித்து வையுங்கள்.

2. ஆதாரைச் சரிசெய்துவிட்டு மற்ற காகிதங்களைத் தொடுங்கள்

பெயர் ஒத்துப்போகாததுதான் விண்ணப்பம் தேங்குவதற்கு முக்கியக் காரணம். ஆதாரில் இன்ஷியல் பின்னால் இருக்கும், மருத்துவமனைச் சீட்டில் முன்னால் இருக்கும், ரேஷன் கார்டில் இன்ஷியலே இருக்காது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆதாரிலேயே பிழை என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். சான்றிதழ் வந்த பிறகு பெயர் மாற்றுவது புதிதாக வாங்குவதைவிடப் பெரிய வேலை. ஆதாரோடு இணைத்த கைபேசி எண் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் பொதுவாக வேண்டியவை: ஆதார், முகவரிச் சான்று (ரேஷன் கார்டு போதும்), ஆறு மாதத்துக்குள் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகையின் ஸ்கேன். பாதிப்பு தெரியும்படி முழு உருவப் படம் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் கேட்பார்கள்.

மருத்துவக் காகிதங்கள் பாதிப்பைப் பொறுத்து மாறும்:

- எலும்பு முறிவு, மூட்டு இறுக்கம்: டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் எக்ஸ்ரே, அண்மையில் எடுத்த எக்ஸ்ரே. கால் குட்டையாகியிருந்தால் இரண்டு காலையும் சேர்த்து நீளம் அளக்கும் ஸ்கேனோகிராம்.
- பக்கவாதம், மூளைக் காயம்: சிடி அல்லது எம்ஆர்ஐ அறிக்கை, பாதிப்பு வந்த தேதி தெரியும் டிஸ்சார்ஜ் சம்மரி. தேதி இல்லாவிட்டால் ஆறு மாதம் ஆனதை நிரூபிக்க முடியாது.
- தோள்பட்டை நரம்பு அறுந்து கை தொங்கிப்போனவர்கள்: நரம்புக் கடத்தல் சோதனை அறிக்கை.
- தசைச்சிதைவு: சிபிகே ரத்தப் பரிசோதனை, மரபணு அல்லது தசைத் திசுப் பரிசோதனை அறிக்கை.
- போலியோ: பழைய காகிதம் யாரிடமும் இருக்காது, அதற்காகக் கவலை வேண்டாம். காலைப் பார்த்தாலே மருத்துவருக்குத் தெரியும்.

அசல் ஒரு செட், ஜெராக்ஸ் இரண்டு செட். எக்ஸ்ரே ஃபிலிமையும் சிடியையும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு நடக்கிறதென்றால் அவை நீதிமன்றத்துக்கும் தேவைப்படும்.

3. விண்ணப்பம்: ஸ்வாவலம்பன் இணையதளம்

சான்றிதழ், யூடிஐடி அட்டை இரண்டுக்கும் ஸ்வாவலம்பன்கார்டு டாட் கவ் டாட் இன் (swavlambancard.gov.in) தளத்தில் ஒரே விண்ணப்பம். கட்டணம் கிடையாது. கைபேசியிலேயே முடிக்கலாம், ஆனால் படங்களின் கோப்பு அளவைக் குறைக்கும் வேலை இருப்பதால் கணினி வசதியாக இருக்கும்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கல் உண்டு.

முதலாவது, கைபேசி எண். பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் அவசரத்துக்கு அவர்கள் எண்ணையே போட்டுவிடுவார்கள். பிறகு ஓடிபி, குறுஞ்செய்தி எல்லாம் அங்கே போகும். பரிசோதனைக்கு அழைத்ததே உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் எண்ணைச் சொல்லிப் போடவையுங்கள்.

இரண்டாவது, குறைபாட்டு வகை. சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. எலும்பு முறிவு, துண்டிப்பு, போலியோ, பக்கவாதத்தால் வந்த கை கால் பலவீனம் ஆகியவை இயக்கக் குறைபாட்டில் வரும். மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு, குள்ளத்தன்மை, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயரில் வகை இருக்கிறது. நடக்க முடியவில்லை என்பதால் எல்லாவற்றையும் 'இயக்கம்' என்று தேர்ந்தெடுத்தால் வேறு துறை மருத்துவரிடம் பெயர் போய் நிற்கும். பக்கவாதத்தோடு பேச்சும் போயிருந்தால் இரண்டையும் குறியுங்கள். பல்வகைக் குறைபாடு என்று சேர்த்து மதிப்பிடுவார்கள்.

மூன்றாவது, மருத்துவமனைத் தேர்வு. முகவரிச் சான்றில் உள்ள மாவட்டத்திலோ, நீங்கள் சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலோ மதிப்பீடு கேட்கலாம். சென்னையில் சிகிச்சை பெற்ற தென்காசிக்காரர் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய கேஸ் ஷீட் இருக்கும் இடம் நல்லது. பக்கத்தில் இருக்கிறதே என்று தாலுகா மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அங்கே எலும்பு மருத்துவர் இல்லை என்று மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அலைவது வழக்கமாக நடப்பது. முன்கூட்டியே விசாரியுங்கள்.

அனுப்பியதும் வரும் பதிவு எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். பிறகு எல்லாக் கேள்விக்கும் அந்த எண்தான் பதில்.

4. பரிசோதனை நாள்

பல அரசு மருத்துவமனைகளில் இதற்கென வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். எந்த நாள் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். சிறப்பு முகாம் நடக்கும் தேதியும் அங்கேதான் தெரியும். முகாமில் மருத்துவரும் அலுவலரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அலைச்சல் குறைவு, கூட்டம் அதிகம்.

தளர்வான உடை போட்டுப் போங்கள். தொடை வரை தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும், வேட்டி அல்லது அரைக்கால் சட்டை வசதி. காலிப்பர், ஊன்றுகோல், செயற்கைக் கால் எதுவாக இருந்தாலும் போட்டுக்கொண்டே போங்கள், அங்கே கழற்றச் சொல்வார்கள்.

மருத்துவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்தால் நீங்கள் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். காலுக்கு இரண்டு பகுதி: அசைவு, நிலைத்தன்மை. அசைவுக்கு இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஒவ்வொன்றும் எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளப்பார்கள், தசை பலத்தை 0 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். நிலைத்தன்மைக்குச் சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, திரும்புவது, இரண்டு காலில் நிற்பது, பாதித்த காலில் மட்டும் நிற்பது, குத்துக்காலிடுவது, சம்மணமிடுவது, மண்டியிடுவது ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கூட்டம் அதிகமுள்ள நாளில் ஒவ்வொன்றையும் செய்யச் சொல்லாமல் வாயால் கேட்டுவிட்டுப் போவார்கள். 'எப்படி இருக்கிறது?' என்றால் 'பரவாயில்லைங்க' என்று சொல்லுவது நம் வழக்கம். அங்கே அப்படிச் சொல்லாதீர்கள். 'சம்மணம் போட முடியாது, குத்துக்காலிட முடியாததால் வெஸ்டர்ன் டாய்லெட்தான், பிடிமானம் இல்லாமல் படி ஏற முடியாது' என்று செயலாகச் சொல்லுங்கள். இல்லாததைச் சொல்லாதீர்கள். கோணமானியும் தசை பலச் சோதனையும் பொய்யைக் காட்டிக்கொடுக்கும், அப்புறம் உண்மையான குறையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கால் குட்டையானால் இடுப்பெலும்பு முனையிலிருந்து உள் கணுக்கால் வரை டேப் வைத்து அளப்பார்கள். முதல் அரை அங்குலத்துக்கு ஒன்றும் கிடையாது. அதற்கு மேல் ஒவ்வோர் அரை அங்குலத்துக்கும் 4 சதவீதம். அதாவது 2 அங்குலம் குட்டை என்றால் 12 சதவீதம், அதோடு மற்ற பாதிப்புகள் சேரும். துண்டிப்புக்கு அட்டவணையே உண்டு. முழங்கால் மூட்டோடு போனால் 75, கால் விரல்கள் ஐந்தும் போனால் 20 மட்டுமே. பெருவிரல் மட்டும் போனவர்கள் 40 வருமென்று நம்பி அலைய வேண்டாம்.

பலருக்குக் கோபம் வருவது கூட்டல் கணக்கில். அசைவுக்கு 24, நிலைத்தன்மைக்கு 16 என்றால் 40 என்று நினைப்போம். அப்படிக் கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். 90-இல் 24 போனால் 66. அதை 16-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 11.7. மொத்தம் 35.7. இது மருத்துவரின் கஞ்சத்தனம் இல்லை, மத்திய அரசின் வழிகாட்டு நெறியில் உள்ள சூத்திரம். வலி, உணர்ச்சியிழப்பு, கோணல், இறுக்கம் போன்றவற்றுக்குக் கூடுதல் புள்ளி உண்டு. பாதம் மரத்துப்போயிருந்தால் நீங்களாகச் சொன்னால்தான் தெரியும்.

படுக்கையோடு இருப்பவர்களைத் தூக்கிக்கொண்டு போகும் முன் மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மருத்துவரை வீட்டுக்கு அனுப்பக் கேட்கலாம்.

5. சான்றிதழை அங்கேயே படித்துப் பாருங்கள்

வீட்டுக்கு வந்து பார்த்துத் திரும்ப ஓடுவதைவிட, வராண்டாவில் நின்று ஐந்து நிமிடம் படிப்பது மேல்.

- பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்திருக்கிறதா?
- சதவீதம் எண்ணிலும் எழுத்திலும் ஒன்றா?
- எந்த உறுப்பு என்ற இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? 'வலது கால்' என்று இல்லாமல் வெறும் 45 சதவீதம் என்றிருந்தால் வேலைவாய்ப்பிலும் வாகனச் சலுகையிலும் சிக்கல். அரசுப் பணி அறிவிக்கைகளில் ஒரு கால், இரண்டு கால், ஒரு கை, ஒரு கை ஒரு கால் என்று ஓஎல், பிஎல், ஓஏ, ஓஏஎல் குறியீடுகளாகத்தான் பணியிடங்களைப் பிரித்திருப்பார்கள்.
- 'நிரந்தரம்' என்றிருக்கிறதா, 'தற்காலிகம்' என்றிருக்கிறதா? தற்காலிகம் என்றால் எந்தத் தேதி வரை?

இடது வலது மாறிப்போவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

6. எவ்வளவு நாள், எவ்வளவு பணம்

2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி சான்றிதழும் அட்டையும் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். முன்பு ஒரு மாதம் என்றிருந்தது. அட்டை தபாலில் வீட்டுக்கு வரும், அதற்கு முன்பே தளத்தில் மின் அட்டையைப் பதிவிறக்கலாம். தபால் தாமதமானால் அதை அச்சிட்டுப் பயன்படுத்துங்கள். 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழ் வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்: நிறத்தைப் பார்த்தே அலுவலகத்தில் பிரித்துவிடுவார்கள்.

விண்ணப்பம், பரிசோதனை, சான்றிதழ், அட்டை நான்கும் இலவசம். செலவு என்பது ஜெராக்ஸ், பிரவுசிங் சென்டர், வண்டி வாடகைதான். எக்ஸ்ரே, ஸ்கேனோகிராம் தேவைப்பட்டால் அரசு மருத்துவமனையில் எழுதி வாங்கி அங்கேயே எடுங்கள். 'சதவீதத்தை ஏற்றித் தருகிறேன்' என்று வாசலில் நிற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் மறுபரிசோதனைக்கு அழைக்கத் துறைக்கு உரிமை இருக்கிறது. அப்போது அவர் வாசலில் இருக்கமாட்டார்.

விண்ணப்பித்துவிட்டுப் பரிசோதனைக்கே போகாமல் இரண்டு ஆண்டு கடந்தால் விண்ணப்பம் செயலிழக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

7. நிராகரித்தால், குறைத்துப் போட்டால்

வாய்மொழியாக 'கிடைக்காது' என்று சொன்னால் திரும்பிவிடாதீர்கள். நிராகரிப்பைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். காரணம் தெரிந்தால்தான் வழி தெரியும். 'ஆறு மாதம் ஆகவில்லை' என்றால் காத்திருந்தால் போதும். 'அறிக்கை இல்லை' என்றால் சோதனை எடுத்துக்கொண்டு போகலாம். மதிப்பீடே தவறு என்று பட்டால் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். 'எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று எழுதினால் எடுபடாது. எந்த மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, கால் எத்தனை அங்குலம் குட்டை என்று வேறோர் எலும்பு மருத்துவர் அளந்து எழுதியதை இணையுங்கள்.

விபத்து வழக்கு நடத்துபவர்களுக்கு ஒரு சொல். இந்தச் சதவீதமும் தீர்ப்பாயம் எடுக்கும் சதவீதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. காலில் உள்ள ஊனம் உங்கள் தொழில் வருமானத்தை எவ்வளவு பாதித்தது என்றுதான் தீர்ப்பாயம் பார்க்கும். ஓட்டுநருக்கும் கணக்கருக்கும் ஒரே காயத்துக்கு வேறு வேறு தொகை வருவது அதனால்தான். அட்டையில் குறைவாக வந்ததே என்று வழக்கைக் கைவிடாதீர்கள்.

8. அட்டை வந்ததும் எதை முதலில் கேட்பது

ஓய்வூதியத்தில் தொடங்குங்கள், தாமதித்த மாதங்களுக்குப் பின்தேதியிட்டுப் பணம் வராது. தமிழ்நாட்டில் இரண்டு வழி. வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாய். இதற்கு 40 சதவீதம் போதும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வருமான நிபந்தனை உண்டு. மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இயக்கக் குறைபாட்டில் 75 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கும், தசைச்சிதைவு உள்ளவர்களுக்கும் உரியது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. தகுதி இருப்பவர்கள் நேரே பராமரிப்பு உதவித்தொகைக்கே போங்கள்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் உங்களுக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை.

செயற்கைக் கால், காலிப்பர் தேவைப்படுபவர்கள் மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள்.

வருமான வரி கட்டுபவர்களுக்கு மாற்றுத்திறனாளி கழிவு (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80யூ பிரிவு): 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாய், 80-உம் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சான்றிதழை இணைத்துப் பயனில்லை.

ரயிலில்தான் ஏமாற்றம் அதிகம். யூடிஐடி அட்டையை மட்டும் கவுண்டரில் நீட்டினால் சலுகை கிடைக்காது. ரயில்வேயின் சலுகைச் சான்றுப் படிவம் தனி. அதில் 'துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர்' என்று அரசு மருத்துவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆகவே படிவத்தை முன்பே அச்சிட்டு நான்காம் படியின் பரிசோதனை நாளிலேயே கொண்டு போய்விடுங்கள், இன்னொரு நாள் வரிசை மிச்சம். அதை வைத்து ரயில்வேயின் இணையதளத்தில் புகைப்பட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசியில் 75 சதவீதம், இரண்டாம் வகுப்பு ஏசியில் 50 சதவீதம் சலுகை, துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே அளவு. நிரந்தரக் குறைபாடாக இருந்தாலும் அந்தச் சான்று 25 வயது வரையுள்ளவர்களுக்கு 5 ஆண்டும், 26 முதல் 35 வயது வரை 10 ஆண்டும்தான் செல்லும். 35-ஐத் தாண்டியவர்களுக்கு ஆயுள் முழுக்க.